பெண்ணைக்கரைப் படைவீடும் வெஸ்ஸெக்ஸ் அரணூர்களும்

கி.பி. 871-ஆம் ஆண்டில், ஒருவன் பெயரை மற்றவன் கனவிலும் கேட்டிராத இரண்டு அரசர்கள், பூமியின் இரு வேறு மூலைகளில் பட்டமேறினார்கள். ஒருவன், டேனியர் சைன்யம் நாட்டின் நடுவே பாளையமிட்டிருந்த வேளையில், தன் தமையன் மாண்ட துக்கம் ஆறுமுன்னே தென் இங்கிலாந்தின் வெஸ்ஸெக்ஸ் ராஜ்யத்தை ஏற்றுக்கொண்ட ஆல்பிரெட். மற்றவன், தஞ்சையைக் கைப்பற்றிய விசயாலயனுக்கு மகனாகப் பிறந்து, பல்லவருக்கும் பாண்டியருக்கும் இடையே நசுங்கிக் கிடந்த சோழ நாட்டைத் தூக்கி நிறுத்திய முதலாம் ஆதித்தன். ஆதித்தனுடைய ஆண்டு சரித்திர ஆசிரியர்கள் உத்தேசமாகக் கணித்ததே என்றாலும், இவ்விரு வம்சங்களும் அடுத்த நூறாண்டு ஏறக்குறைய ஒரே வகைச் சோதனைக்கு ஆளாயின என்பது உத்தேசமன்று. வலிமை மிக்க அந்நியப் படை நாட்டுக்குள் புகுந்தால் அதை எவ்வாறு தடுப்பது என்ற அந்தக் கேள்விக்கு வெஸ்ஸெக்ஸ் ஒரு விடை கண்டது. சோழ நாடு வேறொரு விடை கண்டது. அந்த இரண்டாம் விடையின் தடயங்கள் தென்பெண்ணையாற்றின் கரையோரத்தில், மூங்கில்துறைப்பட்டிலிருந்து திருக்கோவலூர் வழியாகக் கிழக்கே இறங்கும் பிரதேசத்தில், இன்றும் கல்லெழுத்தாக நிற்கின்றன.

முதலில் ஆல்பிரெட்டின் கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். 865-இல் கிழக்கு ஆங்கிலியாவில் கரையிறங்கிய டேனியப் பெருஞ்சேனை, அதற்கு முந்திய வைக்கிங் கொள்ளைக்காரர்களைப் போல மடாலயங்களைச் சூறையாடிக் கப்பலேறிப் போய்விடும் எண்ணத்தோடு வரவில்லை. மறு ஆண்டு யார்க் நகர் அதன் வசமாயிற்று. 869-இல் கிழக்கு ஆங்கிலிய அரசன் எட்மண்ட் கொல்லப்பட்டான். 874-இல் மெர்சிய அரசன் பர்க்ரெட் நாட்டைத் துறந்து ரோமாபுரிக்கு ஓடினான். ஆங்கிலேய ராஜ்யங்களுள் எஞ்சியது வெஸ்ஸெக்ஸ் ஒன்றே. பட்டமேறிய ஆண்டிலேயே பல யுத்தங்களைக் கண்ட ஆல்பிரெட், வில்ட்டனில் தோற்றுப் பொருள் கொடுத்துச் சமாதானத்தை விலைக்கு வாங்கினான். 878 ஜனவரியில், பனிக்காலத்தில் படையெடுப்பு வராது என்று எல்லோரும் நம்பியிருந்த நாளில், குத்ரம் என்னும் டேனியத் தலைவன் சிப்பன்ஹாம் அரண்மனையைத் திடீரெனத் தாக்கவே, அரசன் ஒரு சிறு பரிவாரத்துடன் சாமர்செட் சதுப்பு நிலத்தில் அத்தெல்னி என்னும் திட்டில் ஒளிந்துகொண்டான். அங்கே குடியானவப் பெண்ணின் அடுப்பில் அப்பத்தைக் கருகவிட்டு அவன் வசவு வாங்கிய கதை, நம்மவர் பலர் பள்ளி ஆங்கிலப் பாடத்தில் படித்ததே. பிற்காலத்தார் சேர்த்த அந்தக் கதையைச் சரித்திரமென்று எவரும் இப்போது கொள்வதில்லை. சரித்திரமாவது, அதே ஆண்டு மே மாதத்தில் அவன் படை திரட்டி எடிங்டன் போர்க்களத்தில் குத்ரமை முறியடித்ததும், தோற்றவனுக்கு ஞானஸ்நானம் செய்வித்துத் தானே ஞானத்தந்தையாக நின்றதுமாகும்.

இவ்வளவோடு நின்றிருந்தால் ஆல்பிரெட் பராக்கிரமசாலிகளான பல அரசர்களுள் ஒருவனாகவே எண்ணப்பட்டிருப்பான். வெற்றிக்குப் பின்பு அவன் செய்த காரியமே அவனைத் தனித்துக் காட்டுகிறது. டேனியரின் பலம் அவர்கள் எண்ணிக்கையில் இல்லை, வேகத்தில் இருக்கிறது என்பதை அவன் கண்டுகொண்டான். ஆற்று வழியாகக் கப்பலில் ஏறிவந்து, அகப்பட்ட குதிரைகளைக் கைப்பற்றி, ஓர் அரண்மனையையோ பழைய கோட்டையையோ பிடித்து உட்கார்ந்துகொள்வார்கள். அதற்குள் குடியானவர்களைக் கொண்ட நாட்டுப்படை திரள்வதற்கே நாள் பல ஆகும். திரண்டபின் அறுப்புக்காலம் வந்ததென்றால், எதிரியை முற்றுகையில் விட்டுவிட்டு அவரவர் வயலை நோக்கிப் போய்விடுவார்கள். இக்குறையைத் தீர்க்க ஆல்பிரெட் நாட்டுப்படையை இரண்டு பாதியாக்கி, ஒரு பாதி வீட்டிலிருந்து பயிரைக் கவனிக்க, மறு பாதி களத்தில் நிற்குமாறு முறை வைத்தான். இவ்விரண்டிலும் சேராத வேறு சிலரை அரணூர்களின் காவலுக்கென்றே ஒதுக்கினான்.

அந்த அரணூர்கள்தாம் அவனுடைய பெரும் சாதனை. அவன் மகன் எட்வர்டின் காலத்தில் எழுதப்பட்டு நமக்குக் கிடைத்துள்ள ஒரு பட்டியலில் 33 அரணூர்களின் பெயர்கள் உள்ளன. வின்செஸ்டர், எக்ஸிடர் போன்றவை ரோமானியர் விட்டுச்சென்ற மதில்களைப் பழுதுபார்த்து அமைத்தவை; வாலிங்போர்டு, வேர்ஹாம் போன்றவை மண்மேடும் மரவேலியும் அகழியுமாகப் புதிதாக எழுப்பியவை. வெஸ்ஸெக்ஸில் எந்த ஊரிலிருந்து புறப்பட்டாலும் ஏறத்தாழ 20 மைலுக்குள், அதாவது ஒரு நாள் நடைக்குள், ஓர் அரணை அடைந்துவிடலாம் என்ற கணக்கில் அவை பரவியிருந்தன. இதைவிட வியப்பானது அவற்றைக் காப்பதற்கு வகுத்த விதி. ஒரு குடும்பம் ஜீவிக்கப் போதுமான நிலத்துக்கு அந்நாட்டார் வழங்கிய அளவு ஹைட். ஒரு ஹைட் நிலத்துக்கு ஓர் ஆள் வீதம் அனுப்பவேண்டும்; ஐந்தரைக் கஜ நீளமுள்ள மதிலை நான்கு ஆட்கள் காக்கவேண்டும். வின்செஸ்டருக்குப் பட்டியல் விதித்தது 2,400 ஹைட். அந்த ஆட்களால் காக்கத்தக்க மதிலின் நீளம் கணக்குப்படி 3,300 கஜம். அங்கே நின்றிருந்த ரோமானிய மதிலை அளந்தவர்கள் ஏறக்குறைய அதே நீளத்தைக் கண்டார்கள். பட்டியல் முழுவதையும் கூட்டினால் சுமார் 27,000 ஆட்கள் வருகிறார்கள். நிலவரிக் கணக்கே பாதுகாப்புக் கணக்காக மாறிய அபூர்வமான சாசனம் இது.

இந்த ஏற்பாட்டை ஜனங்கள் மகிழ்ந்து வரவேற்றார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆல்பிரெட்டின் சரித்திரத்தை அவன் உயிரோடிருக்கும்போதே, 893-இல், எழுதிய அஸ்ஸர் பாதிரியார், அரசன் கட்டச் சொன்ன கோட்டைகளைத் தொடங்காமலே இருந்தவர்களும், தொடங்கி முடிக்காமல் விட்டவர்களும், பகைவர் வந்து பெண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தபின் வருந்தினார்கள் என்று கசப்போடு குறிப்பிடுகிறார். 892-இல் பெரும் கப்பற்படையொன்று கென்ட் கரையில் ஆற்று முகத்துள் நுழைந்தபோது, அங்கே பாதி எழும்பிய கோட்டை ஒன்று நின்றது. உள்ளே சில குடியானவர்களே இருந்தார்கள். டேனியர் அதைச் சிரமமின்றிப் பிடித்தார்கள். ஆயினும் மற்ற அரண்கள் முடிந்திருந்தன. நான்காண்டுக் காலம் நாடெங்கும் அலைந்தும் நிலைத்து உட்கார ஓரிடம் அகப்படாமல், 896-இல் அந்தப் படை கலைந்தது. மூன்றாண்டு கழித்து ஆல்பிரெட் இறந்தான். அவன் இறந்ததனால் ஓர் அரணும் வீழவில்லை.

இனி நம் பக்கம் வருவோம். மூங்கில்துறைப்பட்டை இன்று வெளியூரார் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்காகவும், சங்கராபுரத்துக்கும் திருவண்ணாமலைக்கும் இடையே பெண்ணையைக் கடக்கும் துறையாகவும் அறிவார்கள். படையியல் கண்ணோடு பார்ப்பவருக்கு இவ்வூரின் இருப்பிடம் வேறொரு செய்தியைச் சொல்லும். வடக்கே சவ்வாது மலையும் தென்மேற்கே கல்வராயன் மலையும் நிற்க, அவ்விரண்டுக்கும் நடுவே மேற்கு நாட்டை நடுநாட்டுச் சமவெளியோடு இணைக்கும் இடைவெளி ஒன்று இருக்கிறது. செங்கம் கணவாய் அதன் வடபுறத்தில் அமைய, நந்தி மலைப் பகுதியில் பிறந்து வரும் பெண்ணை அதன் தென்புறமாகச் சாத்தனூரைக் கடந்து இவ்வூரின் அருகே சமவெளியில் இறங்குகிறது. கோலார் மேட்டிலிருந்து கங்கரும், வாணரும், அவர்களுக்குப் பின் எத்தனையோ பேரும் இவ்வழியை நாடினார்கள். 1767 செப்டம்பரில் ஹைதர் அலியும் ஆங்கிலேயர் தளபதி கர்னல் ஸ்மித்தும் பொருதியது செங்கத்தில்தான் என்பது, இந்த வழியின் முக்கியத்துவம் பீரங்கிக் காலம் வரை குன்றவில்லை என்பதற்குச் சான்று.

இப்பிரதேசத்தின் பாதுகாப்பை அரசர்கள் மேற்கொள்வதற்கு வெகுகாலம் முன்பே ஊரார் மேற்கொண்டிருந்தார்கள். செங்கம், தண்டராம்பட்டுச் சுற்றுப்புறங்களில் காட்டோரத்திலும் வயல் வரப்பிலும் நிற்கும் நடுகற்களைத் தமிழ்நாடு தொல்பொருள் ஆய்வுத்துறை தேடித் தொகுத்து, 1972-இல் டாக்டர் இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளியிட்டது. பல்லவர் காலம் முதல் முற்காலச் சோழர் வரையில் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்ட அக்கற்கள் எல்லாம் பெரும்பாலும் ஒரே முறையில் பேசுகின்றன: இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆண்டில், இன்ன நாட்டில், இன்னாருடைய தொறுவைக் கவர்ந்த காலத்தில், அதை மீட்டு இன்னார் பட்டார். தொறு என்றால் ஆநிரை. வில்லும் குறுவாளும் ஏந்தி, மார்பிலும் தொடையிலும் அம்பு தைத்து நிற்கும் அவ்வீரர்களின் காலடியில் ஒரு கிண்டியும் ஒரு சிமிழும் செதுக்கப்பட்டிருப்பதுண்டு. விண்ணுலகுக்குச் செல்வோருக்கு உரிய உபசாரம் அது. எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவனின் முப்பத்துநான்காம் ஆண்டில் நட்ட கல்லில், எருமைகளைக் காக்கப் பொருது மாண்ட கருந்தேவக்கத்தியின் பின்னே அவனுடைய நாயும் நிற்கிறது; கோவிவன் என்ற அதன் பெயரையும், திருடர் இருவரைக் கடித்து அது எஜமானனுக்குக் காவலிருந்த செய்தியையும் எழுதி வைத்தார்கள். சக்கரவர்த்திகளின் மெய்க்கீர்த்திகளில் காலாட்படை வீரன் ஒருவன் பெயரைக்கூடக் காண்பது அரிது. இங்கே நாய்க்குப் பெயர் உண்டு.

நடுகல் வெறும் புகழ்ச்சின்னம் அன்று. மாண்டவன் குடும்பத்துக்கு ஊரார் நிலம் விடுவதுண்டு. நெய்த்தோர்பட்டி, உதிரப்பட்டி என்று அதற்குப் பெயர். ஊரைக் காப்பவன் இறந்தால் அவன் மக்களை ஊர் காக்கும் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால், இரவில் கூக்குரல் கேட்டதும் வில்லை எடுத்துக்கொண்டு எவன் ஓடுவான்? வெஸ்ஸெக்ஸில் அரசன் ஆணையிட்டும் பாதியில் நின்றுபோன காவற்கடமையை, இந்தக் காட்டோர ஊர்கள் ஆணையில்லாமலே ஆற்றிக்கொண்டிருந்தன. ஆனால் அவை ஒவ்வொன்றும் தனித்தனியே ஆற்றின. மாடு பிடிக்க வந்த முப்பது பேரை எதிர்க்க அது போதும். யானைப்படையோடு வரும் பேரரசனை எதிர்க்க, அவ்வூர்களை ஒரு கோவையாக்கும் கை வேண்டும்.

அந்தக் கையாக இருந்திருக்க வேண்டியவன் ஆதித்தன் மகன் முதலாம் பராந்தகன். 907 முதல் 955 வரை ஆண்ட அவன், மதுரையை வென்று பாண்டியனை ஈழத்துக்கு ஓட்டினான். வாணரை வேரறுத்து, அவர்கள் பட்டத்தைத் தனக்கு நண்பனான கங்கன் இரண்டாம் பிருதிவீபதிக்கு அளித்தான். பகைவர்களின் தொகையைப் பெருக்கிக்கொள்ளும் இவ்வகை வெற்றிகள், மேற்கே இராட்டிரகூடரின் கோபத்தையும் வளர்த்தன. பிருதிவீபதிக்குப் பின் கங்க நாட்டில் பூதுகன் ஓங்கினான். அவன் இராட்டிரகூட அரசகுமாரியை மணந்தவன். அவன் மைத்துனன் மூன்றாம் கிருஷ்ணன் 939-இல் மான்யகேடத்தில் அரியணை ஏறினான். நம் சாசனங்கள் அவனைக் கன்னரதேவன் என்னும்.

ஆபத்தை உணர்ந்தவனைப்போலப் பராந்தகன், தன் மூத்த மகன் இராசாதித்தனைத் திருமுனைப்பாடி நாட்டில், சுந்தரமூர்த்தி நாயனார் அவதரித்த திருநாவலூரில், யானையும் குதிரையும் காலாளுமாக ஒரு பெருஞ்சேனையோடு நிறுத்தினான். அவ்வூர் இராசாதித்தபுரம் என்று பெயர் பெற்றது. இளவரசனின் தாயான கோக்கிழானடிகளைச் சேரர் குலத்தவளென்று கருதுவர். அவ்வுறவினாலோ வேறு காரணத்தாலோ அவன் பரிவாரத்தில் மலைநாட்டு வீரர் பலர் இருந்தார்கள். அவர்களுள் ஒருவனான படைத்தலைவன் வெள்ளங்குமரன், பெண்ணைக்கரையில் இப்போது கிராமம் என்று வழங்கும் மௌலிகிராமமாகிய முடியூரில் சிவபெருமானுக்குக் கற்றளி எடுத்தான். அங்குள்ள சாசனம் பராந்தகனின் ஆட்சியாண்டோடு நில்லாமல், கலியுகம் பிறந்து 14,77,037 நாள் ஆயிற்று என்று நாட்கணக்கும் தருகிறது. கணித்துப் பார்த்தால் அது 943 ஜனவரி 14 ஆகிறது. படையினர் கோயில் கட்டி, விளக்கெரிக்க ஆடு விட்டு, ஊராரோடு ஊராராகக் கலந்து வாழ்ந்ததைத் திருநாவலூர்க் கல்வெட்டுகளும் காட்டும். வீரநாராயணன் என்ற பராந்தகன் விருதைத் தாங்கிய வீராணம் ஏரியை, போருக்குக் காத்திருந்த இச்சேனைதான் வெட்டியது என்பது பரம்பரைச் செய்தி; அதற்குச் சாசனச் சான்று காட்டுவது கடினம்.

ஆனால் யுத்தம் பெண்ணைக்கரையில் நடக்கவில்லை. 949-இல், அங்கிருந்து பல நாள் நடைதூரத்தில், தொண்டை நாட்டில் அரக்கோணத்துக்கு அருகேயுள்ள தக்கோலத்தில் நடந்தது. யானைமேலிருந்த இராசாதித்தன் அந்த அம்பாரியிலேயே உயிர் நீத்தான். பிற்காலச் சோழ சாசனங்கள் அவனை யானைமேல் துஞ்சியவன் என்றே அழைக்கின்றன. ஆனைமங்கலச் செப்பேடு கிருஷ்ணனின் அம்பு அவன் நெஞ்சைப் பிளந்தது என்று சொல்ல, மாண்டியாப் பகுதியிலுள்ள ஆதகூர்க் கல்வெட்டு கொன்றவன் பூதுகன் என்றும், அதற்குப் பரிசாக வனவாசி பன்னீராயிரம் முதலிய நாடுகளை அவன் பெற்றான் என்றும் கூறுகிறது. இந்த ஆதகூர்க் கல்லும் ஒரு நாயின் நினைவுக்கல் என்பதை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை: போரில் சிறந்து பொருத மணலேரன் என்பான் பூதுகனிடம் காளி என்ற வேட்டை நாயைக் கேட்டுப் பெற்றான், அது காட்டுப்பன்றியோடு பொருது இரண்டும் மாண்டபின் எழுப்பிய கல்லில்தான் தக்கோல யுத்தம் பதிவாயிற்று.

ஓர் இளவரசன் மாண்டதும் என்ன நேர்ந்தது? தொண்டை மண்டலம் முழுவதும் கைநழுவிற்று. கிருஷ்ணன் தன்னைக் கச்சியும் தஞ்சையும் கொண்டவனென்று பொறித்துக்கொண்டான். திருக்கோவலூர் வீரட்டானத்துக் கோயிலிலும் அவன் ஆட்சியாண்டே எழுதப்பட்டது. 959-இல் அவன் மேற்பாடிப் பாளையத்தில் அமர்ந்துகொண்டு, வென்ற நாடுகளைத் தன்னைச் சார்ந்தவர்களுக்குப் பங்கிட்டான் என்று கர்ஹாடு செப்பேடு கூறுகிறது. இத்தனை ஆண்டுக் காலத்தில் தக்கோலத்துக்குப் பின்னே இரண்டாவது தடுப்பு ஒன்று நின்றதாகவே தெரியவில்லை. இளவரசன் ஒரு வாயிலில் காவல் இருந்தான், பகைவன் வேறொரு வாயிலில் வந்தான், காவற்படை அவனைத் தேடிப்போயிற்று என்பதே என் ஊகம். வெஸ்ஸெக்ஸின் காவல் நிலத்தோடு கட்டப்பட்டது. ஆகவே படை தோற்றாலும் நிலம் இருந்த இடத்தில் காவலும் இருந்தது. சோழன் காவல் ஒரு மனிதனோடு கட்டப்பட்டது. அவன் எங்கே போனானோ அங்கே அதுவும் போயிற்று, அவன் விழுந்தபோது அதுவும் விழுந்தது.

இத்தனைக்கும் நிலக்கணக்கிலும் ஊராட்சியிலும் சோழநாடு இங்கிலாந்துக்குப் பிற்பட்டதன்று. உத்தரமேரூரில் குடவோலையால் வாரியங்களைத் தேர்ந்தெடுக்கும் விதிகள் வகுக்கப்பட்டது பராந்தகனின் 12, 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது ஏறத்தாழ 919, 921-இல். எட்வர்டு தன் அரணூர்களைப் பெருக்கிக்கொண்டிருந்ததும் அக்காலத்தில்தான். ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம், பொன்னுக்கு ஒரு வாரியம் என்று இவ்வளவு நுட்பமாக வகுத்த அச்சாசனத்தில், மதிலுக்கென்று ஒரு வாரியம் இல்லை. ஏரிக்கரைக்கு ஆள் அனுப்பத் தெரிந்த சபையாருக்கு அரணுக்கு ஆள் அனுப்பத் தெரியாமல் போயிராது. அவர்களை யாரும் கேட்கவில்லை. நடுகல் நட்ட ஊர்களையும் கேட்கவில்லை.

ஆயினும் இந்த ஒப்புமையை அளவுக்கு மீறி இழுப்பது நியாயமாகாது. ஆல்பிரெட் எதிர்த்த படைகள் சில ஆயிரத்துக்கு மேற்பட்டவை அல்லவென்று இன்றைய ஆசிரியர் பலர் எண்ணுகிறார்கள். கிருஷ்ணனோ தக்கணம் முழுவதையும் ஆண்ட சக்கரவர்த்தி. அரணூர்களும் தாமாக நாட்டைக் காக்கும் மந்திரமல்ல. ஆல்பிரெட்டின் வழித்தோன்றலான எதெல்ரெட் காலத்தில் மீண்டும் வந்த டேனியருக்கு 991-இல் 10,000 பவுன் வெள்ளி கொடுத்து வழியனுப்பினார்கள். 1012-இல் அத்தொகை 48,000 ஆயிற்று. 1016-இல் டேனியனான கனூட்டே இங்கிலாந்துக்கு அரசனானான். மதில்கள் நின்றன, அவற்றின்மேல் ஆளை நிறுத்தும் உறுதி தளர்ந்துவிட்டது. அதே ஆண்டுகளில் தமிழ்நாட்டில் நடந்தது நேர்மாறு. 967-இல் கிருஷ்ணன் மறைந்தான்; 973-இல் சாளுக்கியத் தைலபன் இராட்டிரகூடரை ஒழித்தான்; 985-இல் பட்டமேறிய இராசராசனுடைய தாய், திருக்கோவலூர் மலையமான் குலத்தில் பிறந்த வானவன்மாதேவி. பெண்ணைக்கரையைக் காத்துநின்ற இளவரசனை இழந்த வம்சம், பெண்ணைக்கரைப் பெண்ணொருத்தியின் மகனால் நிமிர்ந்தது. அந்த நிமிர்ச்சியில் பகைவரின் வீழ்ச்சிக்கும் பெரும் பங்குண்டு என்பதை நம்மவர் எழுதும் சரித்திரங்கள் கொஞ்சம் வேகமாகக் கடந்துவிடுகின்றன.

991-இல் எஸ்ஸெக்ஸ் கரையில் மால்டன் என்னுமிடத்தில் நடந்த போரைப் பற்றிப் பழைய ஆங்கிலத்தில் ஒரு செய்யுள் உண்டு. தலைவன் பிர்த்நோத் வீழ்ந்ததும் ஒருவன் அவன் குதிரையிலேறி ஓட, வேறு சிலரும் உடன் ஓடிவிட, எஞ்சியவர்கள் தலைவனுக்குப்பின் உயிர்வாழ்வதை இழிவாகக் கருதி, அவன் உடலைச் சூழ்ந்து நின்று மடிந்த வரலாற்றை அது பாடுகிறது. தக்கோலத்தைப் பற்றி அத்தகைய செய்யுள் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. ஆனால் திருவொற்றியூரில் ஒரு சாசனம் கிடைத்தது. சேரநாட்டில் பிறந்து, கல்வியில் தேர்ந்து, இராசாதித்தனுக்கு உற்ற துணைவனாகச் சோழ நாட்டில் வாழ்ந்த வல்லபன் என்பவன், களத்தில் தன் தலைவனோடு உடன்மாளும் பேறு தனக்குக் கிட்டாமற்போனதை எண்ணிக் கங்கைக்கரை சென்று, துறவு பூண்டு, சதுரானன பண்டிதன் என்ற பெயருடன் திருவொற்றியூர் மடத்துக்குத் தலைவனானான் என்று அது கூறுகிறது. தான் பிறந்த அவிட்ட நாளில் இறைவனுக்குச் சிறப்புச் செய்ய அவன் பொன் வைத்த அச்சாசனத்தில், ஊர் அப்போது யார் கையில் இருந்ததோ அவன் ஆட்சியாண்டையே இடவேண்டியிருந்தது. இட்ட பெயர் கன்னரதேவன்.